வெப்பத்துக்கு ஒரு வழி

மின்னோட்டத்தைச் சிறிதும் தடுக்காத பொருள் ஒன்று கிடைத்துவிட்டால், அதைக் கம்பியாக இழுத்துச் சுருளாகச் சுற்றி எவ்வளவு வலிமையான மின்காந்தத்தையும் செய்துவிடலாம், அது ஒருபோதும் சூடேறாது என்று எண்ணத் தோன்றும். 1911ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஹெய்க்கே காமர்லிங் ஓன்னஸ், பாதரசத்தை நீர்ம ஹீலியத்தால் ஏறத்தாழ 4.2 கெல்வின் வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை அறவே மறைந்துபோவதைக் கண்டார். மீக்கடத்தல் எனப்படும் இந்த நிகழ்வைக் கண்டறிந்த அவரும் அப்படித்தான் எண்ணினார்; ஆனால் அவர் கையாண்ட உலோகங்கள் சிறிதளவு காந்தப்புலத்தைக்கூடத் தாங்காமல் தம் மீக்கடத்தும் தன்மையை இழந்துவிட்டதால் அந்த எண்ணம் அவர் காலத்தில் கைகூடவில்லை. வலிய புலத்தைத் தாங்கும் உலோகக் கலவைகள் புழக்கத்துக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. அவை வந்த பிறகு காந்தங்கள் செய்யப்பட்டன, துகள் முடுக்கிகளில் ஆயிரக்கணக்கில் பொருத்தவும் பட்டன. ஒருபோதும் சூடேறாது என்ற நம்பிக்கை மட்டும் பொய்த்தது. மீக்கடத்தும் காந்தம் சூடேறும் நேரங்கள் உண்டு, அப்படிச் சூடேறும்போது சாதாரணச் செம்புக் காந்தத்தைவிடப் பன்மடங்கு விரைவாகச் சூடேறும் என்பதே இவ்வத்தியாயம் விளக்க எடுத்துக்கொண்ட செய்தி.

மீக்கடத்தி தன் தன்மையைக் காத்துக்கொள்ள மூன்று எல்லைகளுக்குள் இருந்தாக வேண்டும். வெப்பநிலை ஓர் அளவைத் தாண்டக் கூடாது. அதன்மேல் படும் காந்தப்புலம் ஓர் அளவைத் தாண்டக் கூடாது. அதன் வழியே ஓடும் மின்னோட்ட அடர்த்தியும் ஓர் அளவைத் தாண்டக் கூடாது. இம்மூன்றும் தனித்தனி வேலிகள் அல்ல, ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் கயிறுகள். முடுக்கிகளில் பெரிதும் பயன்படும் நியோபியம்-டைட்டானியம் கலவை, புலமோ மின்னோட்டமோ இல்லாதபோது 9 கெல்வினுக்குச் சற்று மேல் வரை, அதாவது நீரின் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 264 பாகை செல்சியஸ் வரை, மீக்கடத்தியாகவே இருக்கும். ஆனால் சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் இருப்பதுபோல 8.33 டெஸ்லா புலத்தையும் 11,850 ஆம்பியர் மின்னோட்டத்தையும் ஒருசேரச் சுமக்கும்போது, 1.9 கெல்வினில் வைக்கப்பட்டிருக்கும் அதே கலவைக்கு எஞ்சும் இடைவெளி ஒன்றரை கெல்வின்கூட இல்லை. அந்த இடைவெளியைச் சுருளின் ஒரு புள்ளி தாண்டிவிட்டால் அவ்விடத்தில் மின்தடை திடீரென்று பிறக்கிறது. மின்தடை பிறந்ததும் வெப்பம் பிறக்கிறது. வெப்பம் அண்டைப் பகுதிகளையும் எல்லை கடக்கச் செய்கிறது. மீக்கடத்தும் நிலை இவ்வாறு ஓரிடத்தில் குலைந்து சுருள் முழுவதும் பரவுவதை முடுக்கித் துறையினர் ‘குவெஞ்ச்’ என்கின்றனர். தணிவித்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. சூடேறுவதற்குத் தணிவித்தல் என்று பெயரிட்டது விந்தைதான் என்றாலும், தணிவது மீக்கடத்தும் தன்மை என்று கொண்டால் பெயர் பொருந்திவிடும். மருத்துவமனைகளின் எம்ஆர்ஐ கருவியும் பெரும்பாலும் நீர்ம ஹீலியத்தில் அமிழ்ந்த மீக்கடத்தும் காந்தம்தான். அது இருக்கும் அறையிலிருந்து கட்டடத்துக்கு வெளியே செல்லும் பருத்த குழாய், குவெஞ்ச் நேர்ந்தால் கொதித்தெழும் ஹீலியம் நோயாளி இருக்கும் அறையை நிரப்பாமல் வெளியேற வைக்கப்பட்டதே.

பெரிய ஹாட்ரான் மோதுவி 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் அமைந்தது. புரோட்டான் கற்றைகளை வட்டப்பாதையில் வளைத்துச் செலுத்துவதற்காக அதில் 1,232 இருமுனைக் காந்தங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 மீட்டர் நீளம். முழு மின்னோட்டத்தில் அத்தகைய ஒரு காந்தத்தின் புலத்தில் ஏறத்தாழ 7 மெகாஜூல் ஆற்றல் தேங்கியிருக்கிறது. இந்த எண்ணின் பருமனை உணர முடுக்கியிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள வேறோர் இடத்தை அளவுகோலாகக் கொள்ளலாம். மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறிப் பண்ணைகளுக்கும் நடுவே உள்ள கோலா தெர்லாவில், 1960களில் நிறைவேறிய நீர்மின் திட்டத்தின் சிறு நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் திறன் அரை மெகாவாட். அந்த நிலையம் தன் முழுத் திறனில் 14 வினாடி ஓடித் தரும் ஆற்றல் ஒற்றை இருமுனைக் காந்தத்தில் அடைபட்டிருக்கிறது. மோதுவியில் 154 காந்தங்கள் தொடராக இணைக்கப்பட்டு ஒரு மின்சுற்றாகின்றன, அத்தகைய சுற்றுகள் எட்டு. ஒரு சுற்றின் ஆற்றலுக்கு ஈடுகொடுக்கக் கோலா தெர்லா நிலையம் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அந்த ஆற்றல் மெல்ல மெல்ல ஏற்றப்படுவதால் ஏறும்போது எவருக்கும் தொல்லை இல்லை. குவெஞ்ச் நேர்ந்த காந்தத்திலிருந்து அது ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் வெளியேறியாக வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

குவெஞ்ச் தொடங்குவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. முழுப் புலத்தில் சுருளின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் பல நூறு டன் எடைக்கு ஈடான விசை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். எஃகு வளையங்களால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் எங்கோ ஒரு கம்பி ஒரு மயிரிழையில் சிறு பங்கு அளவு நகர்ந்துவிடும். அந்த உராய்வில் எழும் வெப்பம், அறை வெப்பநிலையில் எந்தக் கருவியும் பொருட்படுத்தாத அளவுதான். ஆனால் 1.9 கெல்வினில் உலோகங்களின் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு பாகை சூடேற அவை கேட்கும் வெப்பத்தின் அளவு, மிக மிகத் தாழ்ந்திருப்பதால், அங்கே சில மில்லிஜூல் வெப்பமே எல்லையைத் தாண்டச் செய்யப் போதும். பாதை தவறிய சில புரோட்டான்கள் சுருளில் பாய்ந்தாலும் இதே விளைவுதான். புதிய காந்தம் ஒவ்வொன்றும் முதன்முறை மின்னோட்டம் ஏற்றப்படும்போது சிலமுறை குவெஞ்ச் கண்டு, ஒவ்வொரு முறையும் கம்பிகள் சற்றே இடம் அமர்ந்து, அடுத்தமுறை இன்னும் உயர்ந்த மின்னோட்டத்தைத் தாங்கும். காந்தத்தைப் பழக்குதல் என்று இதைச் சொல்வார்கள். மாட்டை ஏரில் பழக்குவது போன்றதே. ஆகவே குவெஞ்ச் என்பது விபத்து அல்ல, இத்தகைய காந்தத்தின் வாழ்க்கையில் எதிர்பார்க்க வேண்டிய நிகழ்ச்சி. காப்பு முறை அதைத் தடுக்க முயல்வதில்லை. அது நிகழ்ந்தபின் காந்தம் எரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை.

காந்தம் ஏன் எரிய வேண்டும் என்பதைக் கம்பியின் உள்ளமைப்பு விளக்கும். தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய, 6 அல்லது 7 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள நியோபியம்-டைட்டானிய இழைகள் ஆயிரக்கணக்கில் செம்பினுள் பதிக்கப்பட்டு ஒரு புரியாகின்றன; சுருளின் உள்ளடுக்கில் அத்தகைய 28 புரிகள் சேர்ந்து ஒரு பட்டை வடம். மீக்கடத்தும் நிலையில் மின்னோட்டம் முழுவதும் இழைகளில் ஓடும், செம்பு வெறுமனே இருக்கும். அந்த நிலை குலைந்தால் இந்தக் கலவை செம்பைவிடப் பன்மடங்கு மோசமான கடத்தியாகிவிடுவதால் மின்னோட்டம் செம்புக்குத் தாவிவிடும். ஆனால் அந்த வடத்தில் உள்ள செம்பின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 15 சதுர மில்லிமீட்டர்தான். அதில் பாய்வதோ 11,850 ஆம்பியர். வீட்டுச் சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பியில் அனுமதிக்கப்படும் மின்னோட்ட அடர்த்தியைப் போல இது கிட்டத்தட்ட நூறு மடங்கு. குவெஞ்ச் தொடங்கிய புள்ளியே முதலில் தடை பெற்று நெடுநேரம் சூடேறுவதால் அதுவே சுருளின் மிக வெப்பமான இடமாகிறது. முழு மின்னோட்டமும் குறையாமல் நீடித்தால் அந்த இடம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடிக்குள் மிகு குளிரிலிருந்து அறை வெப்பநிலையைத் தொட்டுவிடும். அதையும் தாண்டி விட்டுவைத்தால் கம்பிகளைச் சுற்றிய பாலிஇமைடு மின்காப்பு கருகி, செம்பே உருகிவிடும். மின்னோட்டத்தின் இருபடியை நேரத்தோடு சேர்த்துக் கூட்டிவந்தால் கிடைக்கும் தொகைதான் அந்தப் புள்ளி எவ்வளவு சூடேறும் என்பதைத் தீர்மானிக்கிறது. காப்புமுறையை வடிவமைப்போர் கடைக்காரர் பற்று எழுதுவதுபோல ஒவ்வொரு மில்லிவினாடியையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொண்டே வருவர்.

அப்படியானால் மின்னோட்டத்தை உடனே நிறுத்திவிடலாமே என்பது இயல்பாக எழும் கேள்வி. அதற்கு விடை சொல்லக் கேமரன் மலைக்கே மீண்டும் போகலாம். அங்கே தெலோம் ஆற்றுப் படுகையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் பெர்த்தாம் ஆற்றின் பக்கம் திருப்பப்பட்டு, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, மீண்டும் சுரங்கத்தின் வழியே கீழிறங்கி, ஜோர் என்னுமிடத்தில் நிலத்தடியில் உள்ள 100 மெகாவாட் நிலையத்தைச் சேர்கிறது. நீண்ட குழாயில் விரைந்துவரும் நீரின் முன்னால் அடைப்பிதழைப் படாரென்று மூடினால், ஓடிவந்த நீருக்கு நிற்க இடமில்லாமல் அதன் உந்தம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாயைப் பிளந்துவிடும். மின்சுருளும் அப்படித்தான்: ஓடும் மின்னோட்டத்தைக் குறைக்க முயலும்போது சுருள் தன்னிடம் உள்ள புலத்தின் ஆற்றலைக் கொண்டு அதைத் தொடர்ந்து ஓட்டப் பார்க்கும், அதற்கான மின்னழுத்தத்தைத் தானே எழுப்பும். இந்தப் பிடிவாதத்தின் அளவுக்கு மின்தூண்டல் என்று பெயர், அலகு ஹென்றி. 154 காந்தங்கள் கொண்ட சுற்றின் மின்தூண்டல் ஏறத்தாழ 15 ஹென்றி. அதன் மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு வினாடியில் நிறுத்த வேண்டுமானால் 17 லட்சம் வோல்ட்டுக்கு மேல் எழும். அதைத் தாங்கும் மின்காப்பு எந்தக் காந்தத்திலும் இல்லை. உயர்ந்த வீழ்ச்சியுள்ள நீர்மின் நிலையங்களின் பெல்டன் சக்கரங்களில் இதே இக்கட்டுக்கு அழகான ஒரு தீர்வு உண்டு. மின்பளு திடீரென்று அறுந்து சக்கரம் தறிகெட்டுச் சுழலப் பார்க்கும்போது, நீரை நிறுத்துவதில்லை. பீறிவரும் நீர்த்தாரைக்கு முன்னால் ஒரு தகடு சட்டென்று திரும்பி அதைச் சக்கரத்தின்மேல் படாமல் விலக்கிவிடும், அதன்பின் அடைப்பிதழ் நிதானமாக மூடிக்கொள்ளும். மோதுவியின் காந்தக் காப்பும், இந்தச் சக்கரங்களைக் கண்டு செய்ததல்ல என்றாலும், இதே உத்தியைத்தான் நாடுகிறது.

ஒவ்வொரு காந்தத்துக்கும் இணையாக, அதே 1.9 கெல்வின் குளிருக்குள், ஒரு பெரிய டையோடு பொருத்தப்பட்டுள்ளது. டையோடு என்பது ஒரு திசையில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட மின்னழுத்தம் எழுந்த பின்னரே, மின்னோட்டத்தை விடும் குறைகடத்தி. வழக்கமான நிலையில் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஏறத்தாழ இல்லாததால் டையோடு அடைபட்டே கிடக்கும். குவெஞ்ச் நேர்ந்து அந்தக் காந்தத்தில் மின்தடை வளர்ந்து சில வோல்ட் எழுந்ததும் அது திறந்துகொள்ள, மற்ற 153 காந்தங்களிலிருந்து வரும் மின்னோட்டம் நோயுற்ற காந்தத்தைத் தொடாமல் டையோடின் வழியே சுற்றிப் போய்விடும். நீர்த்தாரையை விலக்கும் தகடு இதுவே. நிதானமாக மூடும் அடைப்பிதழுக்கு இணையானவை சுற்றின் இரு இடங்களில் உள்ள பெரிய மின்தடையங்கள். குவெஞ்ச் என்று தெரிந்ததும் மின்மூலம் நிறுத்தப்பட்டு, பெரும் நிலைமாற்றிகள் திறந்து, மின்னோட்டம் அந்தத் தடையங்களின் வழியே போகும்படி செய்யப்படுகிறது. ஒவ்வொன்றின் தடையும் ஓர் ஓமில் நூறில் ஏழரைப் பங்கு. அவற்றுக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தம் 900 வோல்ட்டைத் தாண்டாது. மின்னோட்டம் ஒவ்வொரு நூறு வினாடிக்கும் முன்னிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே வரும். ஒரு தடையம் உட்கொள்ளும் வெப்பம் ஒன்றரை டன் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. மலையில் ஒரு பெரிய தோட்டத்தின் ஆட்கள் அனைவருக்கும் தேநீர் போட்டாலும் மிஞ்சும்.

ஆக, மற்ற காந்தங்களின் ஆற்றல் வழிமாற்றப்பட்டுவிட்டது. குவெஞ்ச் கண்ட காந்தத்தின் சொந்த 7 மெகாஜூல் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வெளியே போகும் வழி கிடையாது. அந்தக் காந்தத்துக்குள்ளேயே வெப்பமாக மாறித்தான் தீர வேண்டும். ஒரு சாண் அளவுள்ள இடத்தில் மாறினால் அந்த இடம் உருகும். 15 மீட்டர் நீளச் சுருள் முழுவதும் பகிர்ந்துகொண்டால் ஒவ்வோர் இடமும் மிதமாகவே சூடேறும். குவெஞ்ச் தானாகவே பரவத்தான் செய்கிறது, உயர் மின்னோட்டத்தில் வடத்தின் நீளவாக்கில் வினாடிக்கு 20 மீட்டர் அளவில். ஆனால் ஐந்தில் ஒரு வினாடியே தவணை என்னும்போது அந்த வேகம் போதாது. எனவே பொறியாளர்கள் கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றும் ஒன்றைச் செய்கின்றனர்: ஓரிடத்தில் சூடேறியதைக் கண்டதும், குளிராக இருக்கும் மற்ற இடங்களையும் தாமே சூடேற்றி, சுருள் முழுவதையும் ஒரே நேரத்தில் மீக்கடத்தும் நிலையிலிருந்து வெளியே தள்ளிவிடுகின்றனர். சுருள் முழுவதும் தடை பெற்றதும் மின்னோட்டமும் விரைந்து சரிகிறது, முதலில் சூடேறிய புள்ளியின் பற்றுக் கணக்கும் அத்துடன் நின்றுவிடுகிறது.

இதற்காகச் சுருளின் வெளியடுக்கின்மேல், நெடுக, வெப்பப் பட்டைகள் ஒட்டப்பட்டுள்ளன. 25 மைக்ரோமீட்டர் தடிப்பும் 15 மில்லிமீட்டர் அகலமும் உள்ள துருப்பிடிக்காத எஃகு நாடாக்கள் அவை. மொத்தத் தடை மிகுந்துவிடாமல் இருக்க இடையிடையே செம்பு பூசப்பட்டவை. குவெஞ்ச் கண்டறியப்பட்ட கணத்தில் மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்னூட்டம் இந்த நாடாக்களின் வழியே பாய்ச்சப்படும். அந்த வெப்பம் மெல்லிய மின்காப்பு ஏட்டைக் கடந்து சுருளைச் சேர்ந்து அதை எல்லை கடக்கச் செய்ய ஒரு வினாடியில் நூறில் மூன்று முதல் ஐந்து பங்கு நேரம் பிடிக்கும்.

இந்த மின்தேக்கிப் பெட்டிகளின் வரலாற்றில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு, அது அதிகம் பேசப்படாததும்கூட. இந்திய அணுசக்தித் துறை செர்னுடன் 1991இல் ஒத்துழைப்பு உடன்படிக்கையும், மோதுவியின் கட்டுமானத்தில் பங்கேற்க 1996இல் தனி ஒப்பந்தமும் செய்துகொண்டது. அதன்படி இந்தோரில் உள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையமும், மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்ளிட்ட பிற நிறுவனங்களும் முன்னின்று, இந்தியத் தொழிற்சாலைகளில் உருவாக்கி அனுப்பியவற்றில் வெப்பப் பட்டைகளுக்கான மின்வழங்கிகள் 5,500. மோதுவி முழுவதற்கும் தேவைப்பட்டவை 6,000க்குச் சற்று மேல். அதாவது பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவிலிருந்து போனவை. காந்தங்களை அருகிலிருந்து கண்காணிக்கும் காப்பு அலகுகள் 1,400க்கு மேலும், இருமுனைக் காந்தங்களின் புலப்பிழைகளைத் திருத்தும் சிறு மீக்கடத்தும் காந்தங்கள் 1,700க்கு மேலும், காந்தங்களைத் துல்லியமாகத் தாங்கி நிறுத்தும் முட்டுகள் ஏறத்தாழ 7,000மும் அப்பட்டியலில் சேரும். ஆயினும் இவ்வத்தியாயத்தின் பொருளுக்கு நெருக்கமானவை அந்த 5,500 பெட்டிகளே.

பெட்டியின் உள்ளமைப்பு எளிமையானது. ஆறு மின்தேக்கிகள், மும்மூன்றாக இணைக்கப்பட்டு அந்த இரு தொகுதிகளும் தொடராகச் சேர்க்கப்பட்டவை. மொத்தம் 900 வோல்ட்டுக்கு மின்னூட்டம் பெற்றவை. அவற்றைப் பட்டையோடு இணைப்பது தைரிஸ்டர் என்னும் குறைகடத்தி நிலைமாற்றி. ஒரு சிறு மின்துடிப்பு கிடைத்ததும் திறந்து பெருமின்னோட்டத்தைப் பாயவிடுவது அதன் இயல்பு. ஒரு பெட்டியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 2.86 கிலோஜூல், ஒரு கிலோவாட் மின்கெண்டி மூன்று வினாடியில் செலவழிப்பது. ஒவ்வோர் இருமுனைக் காந்தத்துக்கும் நான்கு பெட்டிகள் என்பதால் மொத்தம் பதினொன்றரை கிலோஜூலுக்கு மிகாது. அந்தக் காந்தத்தில் புதைந்திருக்கும் ஆற்றலில் இது அறுநூறில் ஒரு பங்கு. அறுநூறு பங்கு வெப்பம் எங்கே விழ வேண்டும் என்பதை இந்த ஒரு பங்கு வெப்பம் முடிவு செய்கிறது; முடுக்கித் தொழில்நுட்பத்தில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு அரிது என்றே சொல்ல வேண்டும். மின்தேக்கி எப்போதும் நிறைந்திருப்பதால் தேவைப்படும் கணத்தில் சுரங்கத்தின் மின்வழங்கலே அறுந்துபோயிருந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். பட்டைகளில் பாதி மட்டுமே பணியில் இருக்கும். எஞ்சியவை ஒன்று பழுதானால் மாற்றாகக் கைகொடுக்க வைத்தவை. ஆண்டுக்கணக்கில் நிறைந்த மின்னூட்டத்துடன் காந்தத்தின் அடியில் காத்துக் கிடந்து, என்றோ ஒருநாள் பத்தில் ஒரு வினாடிக்குள் வெறுமையாவதே இப்பெட்டிகளின் பிழைப்பு.

காத்திருப்பவரை எழுப்ப யாராவது வேண்டும். குவெஞ்ச் தொடங்கிய கணத்தில் எழும் மின்னழுத்தம் மிகச் சிறிது. காந்தத்தில் மின்னோட்டத்தை ஏற்றும்போதோ மின்தூண்டலால் அதைவிடப் பெரிய மின்னழுத்தம் இயல்பாகவே எழும். இரண்டையும் பிரித்தறிய எளிய ஓர் உத்தி கையாளப்படுகிறது: காந்தத்தின் இரு பாதிகளின் மின்னழுத்தங்களைத் தராசின் இரு தட்டுகள்போல ஒப்பிட்டால், தூண்டலால் எழுவது இரண்டிலும் சமமாக இருந்து ஒன்றையொன்று கழித்துவிடும், குவெஞ்ச் ஒரு பாதியில் மட்டும் தொடங்குவதால் தட்டு சாயும். சாய்வு 100 மில்லிவோல்ட்டைத் தாண்டி 10 மில்லிவினாடி நீடித்தால் மட்டுமே அது குவெஞ்ச் என்று ஏற்கப்படும். இந்தப் பத்து மில்லிவினாடி ஐயப்பாட்டுக்குக் கொடுத்த விலை. மின்னிரைச்சலை நம்பி வீணாகப் பட்டைகளைச் சுடவைத்தால் காந்தத்தை மீண்டும் குளிர்விக்கப் பல மணி நேரம் வீணாகும். உண்மையான குவெஞ்சை ஐயப்பட்டுக் காலம் தாழ்த்தினால் காந்தமே போய்விடும்.

காந்தங்கள் சுரங்கத்தில் இறங்குமுன் ஒவ்வொன்றும் செர்னின் சோதனைக் கூடத்தில் குளிர்விக்கப்பட்டு, மின்னோட்டம் ஏற்றப்பட்டு, குவெஞ்ச் காணச் செய்து சரிபார்க்கப்பட்டது. இரவும் பகலும் ஓடிய அந்தச் சோதனையை நடத்தியவர்களில் இந்திய அணுசக்தித் துறையிலிருந்து சுழற்சி முறையில் சென்ற பொறியாளர்கள் பலர். தம் நாட்டிலிருந்து வந்த பெட்டிகள் எத்தகைய வேலைக்கு என்பதை அவர்களைவிட அருகிலிருந்து கண்டவர் சிலரே இருக்க முடியும்.

இவ்வளவு கவனமாக அமைந்த ஏற்பாட்டின் எல்லை எது என்பதை 2008 காட்டியது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று மோதுவியில் முதன்முதலாகப் புரோட்டான் கற்றை சுற்றிவந்தது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, எட்டுச் சுற்றுகளில் ஒன்றில் கற்றை ஏதுமின்றி மின்னோட்டத்தை மட்டும் ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 8,700 ஆம்பியரில் இரு காந்தங்களுக்கு இடைப்பட்ட இணைப்பு ஒன்று அறுந்தது. காந்தத்திலிருந்து காந்தத்துக்கு மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் மீக்கடத்தும் சட்டங்கள் பற்றாசால் இணைக்கப்பட்டிருக்கும். நல்ல இணைப்பின் தடை ஓர் ஓமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு, அந்தப் பழுதான இணைப்பின் தடையோ அதைப் போல் பல நூறு மடங்கு. அப்போதும் அதில் எழுந்த வெப்பம் ஒரு சிறு விளக்கின் அளவுதான், பதினைந்து வாட்டைச் சுற்றி. ஆனால் சூடேறச் சூடேறத் தடை வளர, தடை வளர வளரச் சூடும் வளர்ந்து, இணைப்பு திறந்து, தீரா மின்பொறி மூண்டு ஹீலியக் கலத்தைத் துளைத்தது. ஒட்டுமொத்தமாக ஆறு டன் ஹீலியம் வெளியேறியது. அதன் அழுத்தத்தில் பல டன் எடையுள்ள காந்தங்கள் நிலைபெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. மீண்டும் கற்றை ஓடியது 2009 நவம்பரில்.

காந்தங்களின் டையோடுகளும் வெப்பப் பட்டைகளும் அன்று தம் கடமையில் தவறவில்லை. சுருளில் எழும் வெப்பத்துக்கு வழி வகுத்திருந்தார்கள். இணைப்பில் எழும் வெப்பத்துக்கு வகுத்திருக்கவில்லை. சுருளுக்கு 100 மில்லிவோல்ட் கண்காணிப்பு இருந்தது, இணைப்புகளைத் தாங்கிய சட்டங்களுக்கு இருந்த கண்காணிப்பு அதைவிடப் பன்மடங்கு மந்தமானது. சட்டங்கள் ஒருபோதும் தாமாகக் குவெஞ்ச் காண்பதில்லை என்ற நம்பிக்கை அதன் பின்னே இருந்தது. வடிவமைத்தவர்களைக் குறைசொல்லுமுன், இணைப்பு ஒன்று இவ்வளவு மோசமாக அமையக்கூடும் என்று கற்பனை செய்வது எவருக்கும் எளிதல்ல என்பதையும் எண்ண வேண்டும். விபத்துக்குப் பின் ஒவ்வோர் இணைப்புப் பகுதியிலும் மின்னழுத்த முனைகள் பொருத்தி, ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைந்த மாற்றத்தையும் காணும் புதிய கண்காணிப்பு அடுக்கு சேர்க்கப்பட்டது. 2013, 2014ஆம் ஆண்டுகளின் நீண்ட நிறுத்தத்தில் 10,000க்கும் மேற்பட்ட இணைப்புகளின்மேல் கூடுதல் செம்புத் துண்டுகள் பற்றவைக்கப்பட்டன. மீக்கடத்தும் நிலை அங்கே குலைந்தாலும் மின்னோட்டம் செம்பின் வழியே தப்பிச் செல்லட்டும் என்பது அதன் கருத்து. அதன் பின்னரே மோதுவி தன் வடிவமைப்பு ஆற்றலை நெருங்கியது. 2022 முதல் ஒவ்வொரு கற்றையும் 6.8 டெராஎலெக்ட்ரான்வோல்ட்டில் ஓடுகிறது.

மோதுவியின் அடுத்த கட்டத்துக்கான சில காந்தங்கள் நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்மத்தால் ஆனவை. அது இன்னும் வலிய புலத்தைத் தாங்கும். ஆனால் பீங்கான்போல நொறுங்கும், ஆற்றல் அடர்த்தியும் மிகுதி. வெளியிலிருந்து பட்டைகளால் மட்டும் சூடேற்றினால் வெப்பம் உள்ளே போய்ச்சேரும் வரை காத்திருக்க நேரமில்லை. எனவே பட்டைகளோடு கூட, மின்தேக்கியின் மின்னோட்டத்தைச் சுருளுக்குள்ளேயே செலுத்தி அலைவுறச் செய்யும் முறையும் செர்னில் உருவாக்கப்பட்டது. அலைவுறும் மின்னோட்டத்தால் காந்தப்புலம் ஏறியிறங்க, ஒவ்வொரு புரிக்குள்ளும் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழுந்து, கம்பி வெளியிலிருந்து அல்லாமல் தன்னுள்ளிருந்தே ஒரே கணத்தில் சூடேறுகிறது.

செம்பு ஆக்சைடு சார்ந்த உயர்வெப்ப மீக்கடத்திகளில் சிக்கல் தலைகீழாகிறது. அவை எல்லை கடக்க ஏற வேண்டிய வெப்பநிலை இடைவெளி மிகப் பெரிது. எனவே எளிதில் குவெஞ்ச் காண்பதில்லை. கண்டுவிட்டாலோ அது வினாடிக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில், சில வேளை அதனினும் மெதுவாக, ஊர்ந்துதான் பரவும். தடை பெற்ற பகுதி சிறிதாகவே இருப்பதால் எழும் மின்னழுத்தம் இரைச்சலுக்குள் மறைந்துகிடக்க, அந்தச் சிறு பகுதி கருகிய பிறகே கருவி விழிக்க நேரும். பட்டைகளால் முழுச் சுருளையும் சூடேற்ற முனைந்தாலும் அத்தனை பெரிய இடைவெளியைத் தாண்டவைக்க மின்தேக்கிப் பெட்டிகளின் ஆற்றல் போதாது. ஆகவே இத்தகைய சுருள்களில் கம்பியோடு கம்பியாகக் கண்ணாடி இழைகளைச் சேர்த்துச் சுற்றி, வெப்பத்தால் இழை சற்றே நீளும்போது அதனுள் செல்லும் ஒளி மாறுவதைக் கொண்டு சூடான இடத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. வேறு சில சுருள்களில் கம்பிகளுக்கிடையே மின்காப்பே வைப்பதில்லை; ஓரிடத்தில் தடை எழுந்தால் மின்னோட்டம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவி, எந்தக் கட்டளைக்கும் காத்திராமல், தானே விலகிப் போய்விடுகிறது.